கல்லோயாக் காடு வெறுங்காடாகவா கிடந்தது?

வெல்லாவெளியான்:
1949இல் கிழக்கிலங்கையில் அணை கட்டி ஆட்களைக் குடியேற்றிய கல்லோயாத் திட்டம் வரும்வரை அம்பாறைப் பக்கம் ஆளில்லாத காடு என்று பாடசாலை தொடங்கி விழா மேடை வரைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிப் பொய்யாகப் படுகிறது. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள், ஏச்சோடு வேண்டாம்.

பழைய பொறியாளர்:
இதில் என்ன பொய் தம்பி? இங்கினியாகலையில் அணை கட்ட வந்த மொரிசன் நட்சன் கம்பனி புல்டோசர் விட்டுத் தள்ளியது யானைக் காட்டை. மலேரியாவுக்குப் பயந்து கரையோரச் சனம் போகத் தயங்கிய இடம் அது. டிடிடி அடித்து நுளம்பை அடக்கிய பிறகுதான் பிள்ளைகுட்டியோடு அங்கே இருக்க முடிந்தது. ஒரு குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுநிலம், ஒரு வீடு. சும்மா கிடந்த காட்டை நெல் விளையும் பூமியாக்கியதைக் குற்றம்போலப் பேசுகிறீர்கள்.

வெல்லாவெளியான்:
ஐயா, அணையில் குறை சொல்லவில்லை. அந்தக் காட்டுக்கு எத்தனை வயசு என்பதுதான் கேள்வி. அம்பாறைக்குப் பக்கத்தில் கொண்டவட்டுவானில் கிடைத்த கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டு, நாலாம் தப்புலன் என்ற அரசன் காலம். உழவில் தவறு செய்தவனுக்கு எவ்வளவு தண்டம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆளில்லாத காட்டில் யாரிடம் தண்டம் அறவிட்டார்கள்? ராஜகல மலை நிறைய விகாரை இடிபாடு, இந்தப் பக்கம் பழைய பௌத்தத் தலமான தீகவாபி. ஊர்தான் காடாகியிருக்கிறது.

கிழக்குக்காற்று:
நல்லாப் போய் மாட்டிக்கொண்டீர்கள் அண்ணன். தீகவாபியையும் தப்புலனையும் தூக்கிக்கொண்டு வந்தால், குடியேற வந்த சிங்களவர்கள் பாட்டன் பூமிக்குத் திரும்பினார்கள் என்று எதிர்ப்பக்கம் கைதட்டும். முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலத்தில் குளக் குடியேற்றத்துக்குச் சொன்ன நியாயமே அதுதானே. ஆயிரம் வருசத்துக் கல்லை வைத்து 1949இன் காணிப் பெர்மிட்டைத் தீர்க்க ஏலாது.

இறக்காமத்தான்:
இரண்டு பேரும் ஆயிரம் வருசம் தாண்டிக் குதிக்கிறீர்கள். நடுவிலே நாங்கள் இருந்தோமே! ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1850களில், இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. வயல் இல்லாமலா குளம் திருத்துவான் வெள்ளைக்காரன்? கீழே வேளாண்மைக் காலம் வந்தால் பட்டி மாடு முழுக்க மேலே காட்டுப் பக்கம் ஏறும். பட்டிக்காரன் அங்கேயே வாடி, அதாவது குடிசை, போட்டுக் கிடப்பான். மாட்டின் தொடையில் சுட்ட குறியைப் பார்த்தே எந்தக் குடி, யாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சனத்தொகை எடுக்க வருகிறவன் வீட்டைத்தானே எண்ணுவான்? வாடிக்காரன் கீழே சம்மாந்துறை ஊர்க் கணக்கில் விழுவான், காடு சைபர் என்று வரும். போதாக்குறைக்கு 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம்: உறுதிப் பத்திரம் காட்டாத காடும் தரிசும் அரசுக்கு. மேய்ச்சலுக்கு எவனிடம் உறுதி இருந்தது?

பழைய பொறியாளர்:
மாடு மேய்ந்தால் அது குடியிருப்பா?

கிழக்குக்காற்று:
இறக்காமத்துக் காக்கா (அண்ணன்) சொன்ன சனத்தொகைக் கணக்கை நானும் பார்த்தேன். 1946இல் பழைய மட்டக்களப்பு மாவட்டம் முழுவதிலும் சிங்களவர் 6 வீதத்துக்கும் குறைவு. 1963இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 29 வீதம் அளவில். இதை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கத்துகிறவர்கள் 1961ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். விந்தனைப்பற்று, வேவகம்பற்று, பாணமை என்று பரம்பரையாகச் சிங்களவர் இருந்த இடமெல்லாம் அம்பாறைக்குள் போனது. வீதம் தானாகவே கூடும். நியாயமாகப் பார்ப்பதானால் இரண்டு மாவட்டத்தையும் கூட்டுங்கள். 1963இல் ஏறக்குறைய ஆறில் ஒருவர். அப்போதும் 17 வருசத்தில் பங்கு மூன்று மடங்கு அளவுக்குப் பாய்ந்திருக்கிறது. இதைப் பிள்ளைப்பேற்றில் கட்ட முடியாது. வெளியிலிருந்து கொண்டுவந்து இருத்தினார்கள், அவ்வளவுதான்.

பழைய பொறியாளர்:
தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடியேற்றக் கொலனி கொடுக்கப்படவில்லையா? நாவிதன்வெளிப் பக்கம் போய் பன்னிரண்டாம் கொலனி எங்கே என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

வெல்லாவெளியான்:
கொடுத்தார்கள், ஓம். இடதுகரை வாய்க்காலின் கடைசியில்! தலைப்பில் இருக்கிறவன் இரண்டு தரம் பாய்ச்சிய பிறகு மிஞ்சுவதுதான் வாலுக்கு. அதோடு 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனக் கலவரத்தில் அடி விழுந்து எங்கள் சனம் ஓடி வந்ததையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

பழைய பொறியாளர்:
1956ஐ நான் மறைக்கவில்லை. அதற்காக எல்லாத் தலைப்புக்காரனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். 1981 சிறுபோகத்தில் அணையின் குளமான சேனநாயக்க சமுத்திரம் கால்வாசிதான் நிறைந்திருந்தது. அந்த வருசம் வாய்க்கால் குழுக்கள் அமைத்தபோது மேலே உள்ள சிங்கள விவசாயிகள் முறை வைத்துக் கதவை மூடி, கீழே தமிழ் வயலுக்கும் தண்ணீர் விட்டார்கள். நீர்ப்பாசனத் துறையில் இது ஊரறிந்த விசயம்.

பாணமைப் பிள்ளை:
எல்லாரும் பேசி முடிந்ததா? ஒருவரும் ஆதிக்குடிகளான வேடரைச் சொல்லவில்லையே. தானிகல வேடரைப் பற்றி 1911இலேயே விரிவான ஆய்வு அச்சாகிவிட்டது. அவர்களின் வேட்டைக் காடும் கற்குகைகளும் சேனநாயக்க சமுத்திரத்துக்குள் போயின. மிஞ்சிய காட்டை 1954இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், வேட்டை குற்றமாயிற்று. மாவட்ட நிர்வாகக் கச்சேரியில் இவர்களுக்காக வழக்காட யார் இருந்தார்கள்?

பழைய பொறியாளர்:
தங்கச்சி, அவர்கள் எத்தனை பேர்? ஒரு கொலனியை நிரப்பவும் காணாது. அவர்களுக்காக அணையை நிறுத்தச் சொல்கிறீர்களா?

பாணமைப் பிள்ளை:
நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. நீங்கள் ‘சும்மா கிடந்த காடு’ என்று எழுதினீர்கள். குகையில் அடுப்பெரிந்த இடம் சும்மா கிடந்த இடமில்லை. ஆள் குறைவு என்கிறீர்கள், சரி. ஆளே இல்லை என்று எழுதியதைத்தான் ஏற்க முடியாது.

வெல்லாவெளியான்:
இதைத்தான் நான் பாதிப் பொய் என்றது. காக்கா, இறக்காமத்தில் குளம் திருத்தின காலத்து வயற்கண்டத்து உறுதிப் பத்திரம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த சண்டையை அதில் வைத்துக்கொள்வோம்.