கிணற்றடி வளவுக் குழு: வலது எஞ்சின் நின்றுவிட்டது

புதன்கிழமை

சின்ன மாமா (மாலை 6:12): எல்லோருக்கும் வணக்கம். யாரும் பயப்பட வேண்டாம். படகின் வலது எஞ்சின் நின்றுவிட்டது.

சின்ன மாமா: ஸ்ரோனி லேக்கில்.

அம்மா: முருகா

லண்டன் சித்தி: ஆட்களுக்கு ஒன்றும் இல்லையே??

சின்ன மாமா: இல்லை. இடது எஞ்சினை மட்டும் வைத்து மெல்ல மெல்ல பேர்லி ஃபோல்ஸ் லொக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) வரை வந்துவிட்டோம். லொக்குக்குக் காத்திருக்கும் படகுகளைக் கட்டும் நீலக்கோட்டுச் சுவரில் கட்டியிருக்கிறோம்.

மாமி: படகு வலப்பக்கமே இழுத்தது. முக்கால் மணி நேரம் சுக்கானை இடப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே நின்றார். இந்த ஏரியில் எங்கே பார்த்தாலும் பாறை.

குட்டி: அப்பா, கரையில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்கள் கைவைக்க வேண்டாம்

சின்ன மாமா: கூப்பிட்டேன். திங்கட்கிழமைதான் வர முடியுமாம். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பாக இருக்கலாம் என்று போனிலேயே சொல்கிறார்.

அம்மா: அப்போ சனிக்கிழமை?

அம்மா: அம்மாவுக்கு 85ஆவது பிறந்தநாள் ஒருமுறைதான் வரும்

லண்டன் சித்தி: நான் வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்குகிறேன். யார் கூட்டிப்போக வருவது என்று இன்னும் முடிவாகவில்லை

நான்: நான் வருகிறேன் சித்தி. மாமா, பெரிய மாமாவிடம் கேட்டீர்களா?

சின்ன மாமா: ஊரில் இப்போது அதிகாலை. தூங்கட்டும்.

பெரிய மாமா (மாலை 7:34): எழும்பிவிட்டேன். இங்கு ஐந்து மணி. தம்பி, முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். பட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா? வெப்பம் எவ்வளவு காட்டியது? புகை என்ன நிறம்? மெதுவாக ஓடவிட்டால் ஓடுகிறதா?

சின்ன மாமா: இழுத்து இழுத்துத்தான் அண்ணை. வேகம் கூட்டினால் ஏறி இறங்கி, பிறகு நின்றுவிடும். மெதுவாக விட்டால் ஓடும். வெப்பம் 82. புகை இல்லை.

பெரிய மாமா: அப்படியானால் எஞ்சினைக் குறை சொல்லாதே. அது பட்டினி கிடக்கிறது. டீசல் போய்ச் சேரவில்லை.

பெரிய மாமா: கவனமாகக் கேள். நீ வாங்குவதற்கு முன் இந்தப் படகு இரண்டு வருடம் கட்டிக் கிடந்தது என்று நீயே சொன்னாய். தாங்கியில் பாதி டீசல். மேல் பாதி காற்று. அந்தக் காற்றில் உள்ள ஈரம் இரவுக் குளிரில் தண்ணீராகித் தாங்கியின் சுவரில் வடியும். டீசலைவிடத் தண்ணீர் பாரம், அதனால் அடிக்குப் போய்விடும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் கிருமி வளரும், கறுப்புச் சேறு மாதிரி. ட்ரென்ரனில் இருந்து ஆற்றிலும் கால்வாயிலும் மணிக்கு 10 கிலோமீற்றரில் போனபோது அது அடியில் பேசாமல் கிடந்திருக்கும். ஏரியில் காற்றுக்கு அலை எழும்பியதும் முழுதும் கலங்கிப் பில்ரரில் வந்து அடைத்துவிட்டது. மெதுவாக ஓடும்போது கொஞ்ச டீசல் போதும், அதனால் ஓடுகிறது. வேகம் கூட்டினால் போதாது. பம்ப் கெட்டுப்போகவில்லை.

லண்டன் சித்தி: பெரியண்ணை 🙏

குட்டி: பெரியப்பா, இதை ரொறன்ரோவில் ஒருவரும் சொல்லவில்லை

பெரிய மாமா: 31 வருடம் எஞ்சின் அறையில் நின்றவன் நான். பில்ரருக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதா? படம் எடுத்துப் போடு.

சின்ன மாமா: 📷 படம்

பெரிய மாமா: பார். கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேலே தேயிலைச் சாயம்.

அம்மா: ஐயோ கறுப்பு

மாமி: அத்தான், இந்த மணம் எனக்கு முந்தாநாளில் இருந்தே வருகிறது. சொன்னேன்.

பெரிய மாமா: மாற்றுப் பில்ரர் இருக்கிறதா?

சின்ன மாமா: விற்றவர் விட்டுப்போன பெட்டியில் ஒன்று. 10 மைக்ரோன்.

பெரிய மாமா: ஒன்று போதாது. இந்தத் தாங்கியோடு போகிறவன் குறைந்தது ஆறு வைத்திருக்க வேண்டும். இன்று ஒன்றைப் போடு. தாங்கி வால்வை மூடு. கிண்ணத்தை ஒரு வாளிக்குள் இறக்கு, ஒரு சொட்டும் ஏரியில் விழக் கூடாது. புதுப் பில்ரரில் நல்ல டீசல் நிரப்பிப் பூட்டு. வால்வைத் திற. பிறகு காற்று எடுக்கும் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடி. நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை அடி. அதற்குப் பிறகுதான் ஸ்ராட் பண்ண வேண்டும். காற்று உள்ளே இருக்கும்போது திரும்பத் திரும்ப ஸ்ராட்டரைச் சுற்றினால் பற்றரியும் போய்விடும்.

அம்மா: கேக்கில் பெயர் தமிழில் எழுதவா?

லண்டன் சித்தி: தமிழில்

நான்: தமிழில்

சின்ன மாமா (இரவு 9:05): ஓடுகிறது!!!

சின்ன மாமா: 🎤 குரல் பதிவு 0:19

லண்டன் சித்தி: இந்தச் சத்தத்தைக் கேட்டால் அப்பாவின் வள்ளம் ஞாபகம் வருகிறது

சின்ன மாமா: அதை விற்றபோது என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா: இப்போது அது வேண்டாம்

பெரிய மாமா: 79இல் உனக்கு 14 வயது. வீட்டில் அரிசி இல்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

சின்ன மாமா: சரி அண்ணை.

வியாழக்கிழமை

மாமி (காலை 8:40): இடது எஞ்சின் அலறுகிறது. வெப்பம் 97

பெரிய மாமா: உடனே நிறுத்துங்கள்!

மாமி: நிறுத்திவிட்டார். கட்டிய இடத்தில்தான் நிற்கிறோம். சோதித்துப் பார்க்கத்தான் ஓடவிட்டார்.

பெரிய மாமா: புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் துப்பியதா?

மாமி: இல்லை. வெறும் புகை.

பெரிய மாமா: ஏரித் தண்ணீர் உள்ளே வரவில்லை. தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறக்கச் சொல், பிள்ளை.

சின்ன மாமா: 📷 படம்

சின்ன மாமா: பாசியும் களையும். ஒரு கோழி அளவு.

குட்டி: 😳

பெரிய மாமா: நேற்று அந்த ஒரு எஞ்சினில்தானே களைக்குள்ளால் கரைக்கு வந்தீர்கள். எல்லாவற்றையும் அதுதான் உறிஞ்சியிருக்கிறது. வடிகட்டியைத் துப்புரவாக்கினால் மட்டும் போதாது. தண்ணீர் பம்பின் மூடியைக் கழற்றிப் பார். உள்ளே ரப்பர் சக்கரம் இருக்கும். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். வறண்டு ஓடினால் சில நிமிடத்தில் இதழ்கள் பிய்ந்துவிடும்.

சின்ன மாமா (காலை 10:15): ஆறு இதழில் மூன்று இல்லை. மாற்றுச் சக்கரம் பெட்டியில் இருக்கிறது.

பெரிய மாமா: பிய்ந்த துண்டுகள் எங்கே?

சின்ன மாமா: பம்புக்குள் ஒன்று.

பெரிய மாமா: மற்ற இரண்டையும் கண்டுபிடிக்காமல் எஞ்சினைத் தொடாதே. அவை தண்ணீரோடு முன்னே போய்க் குளிராக்கியின் வாயில் சிக்கியிருக்கும். விட்டால் புதுச் சக்கரம் போட்டும் சூடாகும். குழாயைக் கழற்று, குளிராக்கியின் மூடியைத் திற, டோர்ச் அடித்துப் பார்.

லண்டன் சித்தி: நம்மூர் ஆட்கள் அன்னபூரணிக் கப்பலை அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது 1938. சின்னண்ணை, உங்களாலும் முடியும் ❤️

பெரிய மாமா: அது பாய்க்கப்பல். ஆனால் அதில் போனவர்களும் தினமும் கயிற்றையும் பாயையும் பார்த்துப் பார்த்துத்தான் போனார்கள். தம்பி, இனிக் காலையில் ஸ்ராட் பண்ணுமுன் எண்ணெய், வடிகட்டி, கிண்ணம் மூன்றையும் பார். ஸ்ராட் பண்ணியதும் பின்னால் போய்த் தண்ணீர் துப்புகிறதா என்று பார். ஒரு நாளும் விடாதே.

நான்: மாமா, பில்ரர் எந்த இலக்கம்? ஸ்காபரோவில் வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம்தானே

சின்ன மாமா: 📷 படம்

சின்ன மாமா: ஆறு வாங்கு. காசு நான் தருவேன்.

அம்மா: நாளைக்கு நீ சித்தியைக் கூட்டிவரப் போக வேண்டும்

நான்: ஓ

குட்டி: விமான நிலையத்துக்கு நான் போகிறேன். மச்சாள், நீங்கள் பில்ரரோடு போங்கள்

சின்ன மாமா (மதியம் 1:50): இரண்டாவது துண்டு குளிராக்கியின் வாயில். நீங்கள் சொன்ன இடத்திலேயே அண்ணை. மூன்றாவது இல்லை.

பெரிய மாமா: தேடு. கழற்றிய குழாயின் வளைவுக்குள் பார்.

அம்மா: சனிக்கிழமை பொப்கேஜனா பேர்லியா? 22 பேருக்கும் இடம் சொல்ல வேண்டும்

மாமி: பொப்கேஜனுக்கு இன்னும் நான்கு லொக் இருக்கிறது, மச்சாள். லவ்சிக்கும் பக்ஹோர்னும் தாண்ட வேண்டும். இங்கேயும் லொக்குக்குப் பக்கத்தில் புல்வெளி இருக்கிறது, நிழல் இருக்கிறது.

சின்ன மாமா: நாளைக்குள் துண்டு கிடைத்தால் பொப்கேஜன்.

பெரிய மாமா: கிடைத்தாலும் அம்மாவை ஏற்றிக்கொண்டு நகராதே. அந்தத் தாங்கியைத் திறந்து கழுவும்வரை அவர் கரையில் கட்டிய படகில் ஏறி இருக்கட்டும், அது போதும்.

சின்ன மாமா: அம்மாவுக்கு ஒரு சுற்று என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் அண்ணை. இதை வாங்கியதே அதற்காகத்தான்.

பெரிய மாமா: தெரியும் தம்பி.

அம்மா: அம்மா பக்கத்தில் இருக்கிறார். படகில் ஃபேன் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறார்

மாமி: இருக்கிறது. ரோல்ஸ் 80 சொல்லவா 100 சொல்லவா?

சின்ன மாமா (மாலை 5:26): 📷 படம்

பெரிய மாமா: அது ரப்பர் இல்லை. களையின் தண்டு. இன்னும் தேடு.