ஜின்ஜூவிலிருந்து பூசான்: கொரிய நம்பர் இல்லாமல் ஒரு வார இறுதி, சரிவருமா?

ஜின்ஜூ டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து வந்து தென் கொரியாவின் ஜின்ஜூவில் ஒரு ஹாக்வானில், அதாவது தனியார் டியூஷன் நிலையத்தில், ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வந்து ஆறு கிழமைதான். பிறந்தது யாழ்ப்பாணம், எட்டு வயதில் ஸ்கார்பரோ. அதனால் என் தமிழ் கொஞ்சம் அங்கேயும் இங்கேயுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொரோண்டோவில் என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி பூசானில் இருக்கிறாள், குவாங்கல்லி கடற்கரைப் பக்கம். அவள் போன வருடமே வந்தவள். ஹாக்வான் கொடுத்த ஒற்றை அறையை விட்டுவிட்டு இப்போது புது வீடு எடுத்திருக்கிறாள். வருகிற சனி, ஞாயிறு வந்து நில் என்கிறாள். சியோலில் இன்னொரு சிநேகிதன். "பூசான் வரைக்கும் வருகிறாய், அப்படியே ஞாயிற்றுக்கிழமை கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஏறி இங்கேயும் வா" என்கிறான். அவனுக்கு எல்லாம் சுலபம்.

எனக்குப் பிரச்சினை அட்டை. வெளிநாட்டவர் பதிவு அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் கொரிய ஃபோன் நம்பர் எடுக்க முடியவில்லை, நம்பர் இல்லாமல் எந்தச் செயலியும் என்னை உள்ளே விடவில்லை. டிக்கெட் எடுக்கப் போனால் கடைசிப் பக்கம் வரை அழகாகக் கூட்டிக்கொண்டு போய், அங்கே நம்பர் கேட்டு நிறுத்திவிடுகிறது. கையில் இருப்பது கனடா கிரெடிட் கார்டும் கொஞ்சக் காசும்.

பஸ்ஸில் போகலாம் என்று போன கிழமை ஒரு ஒத்திகை பார்த்தேன். டாக்ஸியில் ஏறி "டெர்மினல்" என்றேன். அவர் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் சியோல் பஸ் நின்றது, பூசான் பஸ் இல்லை. கவுண்டரில் இருந்த அம்மா நிறையச் சொன்னார். எனக்கு விளங்கியது அவருடைய கை மட்டும்தான். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டியது. நான் வீட்டுக்கு வந்து நூடுல்ஸ் அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடியும். திங்கள் பின்னேரம் இரண்டு மணிக்கு நான் திரும்ப வகுப்பில் நிற்க வேண்டும். கேள்விகள்: டிக்கெட் எப்படி எடுப்பது? சியோலையும் சேர்க்க ஏலுமா? புது வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? கனடா என்றால் ஒரு வைன் போத்தலோடு போய் நிற்பேன், இங்கே வழக்கம் தெரியவில்லை. இன்னொன்று, நான் மாடு சாப்பிடுவதில்லை. இந்த ஊரின் பெயர்போன பிபிம்பாப்பில் (காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோறு) பச்சை மாட்டிறைச்சியை மேலே வைத்துத் தருகிறார்கள் என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன்.

---

நெல்லை டு பூசான் எழுதியது:

தங்கச்சி, வாங்க. நான் பூசானில் ஆறு வருஷமாக ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று ஓட்டிக்கொண்டிருப்பவன். நீங்கள் சொன்ன டாக்ஸி கதை எனக்கும் நடந்திருக்கிறது, வேறு ஊரில்.

இந்த நாட்டில் பல ஊர்களில் பஸ் நிலையம் இரண்டு. ஒன்று கோசொக், அதாவது நெடுஞ்சாலை விரைவுப் பேருந்து. இன்னொன்று சிவே, பக்கத்து ஊர்களுக்குப் போகும் வண்டி. ஜின்ஜூவில் இரண்டும் வெவ்வேறு இடம், உங்களுக்கு வேண்டியது ஆற்றுக்கு வடகரையில் இருக்கும் சிவே. டாக்ஸிக்காரரிடம் "சிவனே" என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுங்கள், "சிவே டெர்மினல்" என்று சரியாக வந்துவிடும். நான் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

செயலியை மறந்துவிடுங்கள். நேரே கவுண்டருக்குப் போய் "பூசான் சாசாங்" (சாசாங் என்பது பூசானின் மேற்குப் பக்கத்து பஸ் நிலையம்) என்று சொல்லிக் காசை நீட்டினால் டிக்கெட் வரும். யாரும் நம்பர் கேட்கமாட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் சாசாங். அந்த நிலையத்திலேயே மெட்ரோ இரண்டாவது லைன் இருக்கிறது. வண்டி மாறாமல் குவாங்கல்லி வரை அதே லைன்தான். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் தட்டுகிற டீ-மணி கார்டு இல்லையென்றால் முதலில் ஒரு சீயூ அல்லது ஜிஎஸ்25 கடையில் வாங்குங்கள். அங்கே காசு ஏற்றும்போது ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை கிடைக்காது. கூகுள் மேப்பை மட்டும் நம்பி நடக்காதீர்கள். நேவர் மேப் என்ற கொரியச் செயலியைப் போடுங்கள்.

சியோல் வேண்டாம். பூசானிலிருந்து கேடிஎக்ஸ் ஒரு வழிக்கே 59,800 வொன். அங்கிருந்து ஜின்ஜூ திரும்ப இன்னும் மூன்றரை மணி நேரம். நண்பர் முகத்தைவிட முன்சீட்டின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அவரை ஒரு நாள் பூசானுக்கு வரச் சொல்லுங்கள்.

ஞாயிறு இரவே திரும்ப வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். உங்களுக்குத் திங்கள் இரண்டு மணிக்குத்தான் வேலை, காலை பஸ் போதும். ஹாக்வான்காரர்களுக்கு இருக்கிற ஒரே சொகுசு அது. அதனால் ஞாயிறு மதியம் பக்கத்து ஊரான கிம்ஹே போய்ப் பாருங்கள். சாசாங்கிலிருந்தே குட்டி ரயில் போகிறது. நம்ம ஊர் ராணி சமாதி அங்கேதான் இருக்கிறது.

---

சுவோன் அக்கா எழுதியது:

வைனெல்லாம் வேண்டாம்மா. இங்கே புதுவீடு போனவர்களுக்கு டாய்லெட் பேப்பரும் துணி துவைக்கிற சோப்பும்தான் வாங்கிப் போவார்கள். சிரிக்காதே, நிஜம். பேப்பர் சிக்கில்லாமல் உருண்டு வருகிற மாதிரி காரியமெல்லாம் தடையில்லாமல் நடக்கணுமாம், நுரை பொங்குகிற மாதிரி செல்வம் பொங்கணுமாம். நாம் பால் பொங்கவிடுகிறோம், இவர்கள் சோப்பு பொங்கவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் இங்கே வீடு மாறியபோது என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர்கள் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் முப்பது ரோல் கட்டு. பால்கனி நிறைந்துபோய் ஒரு வருஷம் கடைப்பக்கமே போகவில்லை.

மாட்டுக்கு "சோகோகி", பன்றிக்கு "த்வேஜிகோகி". இரண்டையும் எழுதி வைத்துக்கொள். பூசானில் முக்குக்கு முக்கு பன்றி சூப்பில் சோறு போட்டுத் தருவார்கள், அது உனக்கு ஓடுமா என்று நீயே பார்த்துக்கொள். சைவமென்று நினைத்து வாங்குகிற கிம்ச்சியிலும் (முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி) மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும்.

---

கல்வெட்டுப் பைத்தியம் எழுதியது:

நெல்லை அண்ணாச்சி, "நம்ம ஊர் ராணி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற பிக்கு தொகுத்த சம்குக் யூசாவில் இருப்பது இவ்வளவுதான்: பதினாறு வயதுப் பெண், அயுதா என்ற நாட்டிலிருந்து கி.பி. 48-இல் கப்பலில் வந்தாள், கிம்ஹேயை ஆண்ட சூரோ மன்னனை மணந்தாள். அயுதா என்றால் அயோத்தி என்று ஒரு கூட்டம், தென்கோடியில் இருந்த பழைய ஆய் நாடு என்று நம்மில் ஒரு கூட்டம். எழுதியவரே அந்தச் சம்பவத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் பிந்தியவர். மன்னன் சமாதி வாசலில் இரட்டை மீன் வரைந்திருப்பதைப் பார்த்ததும் பாண்டியன் கொடி என்று குதிக்கிறவர்களிடம் நான் சொல்வது, மீன் எல்லாக் கடலிலும் இருக்கிறது.

ஆனாலும் போய்ப் பாருங்கள் டீச்சர். ராணி சமாதி பக்கத்தில் ஒரு சின்னக் கல் கோபுரம் நிற்கும். அலை அடங்குவதற்காக அந்தக் கற்களைக் கப்பலில் ஏற்றி வந்தாள் என்பது கதை. கதை எப்படியோ, கல் பார்க்க வேண்டிய கல்.

---

ஜின்ஜூ டீச்சர் எழுதியது:

போய்விட்டு வந்தேன்! எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

"சிவே" வேலை செய்தது. டாக்ஸிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சரியான இடத்தில் இறக்கினார். கவுண்டரில் காசு, கையில் டிக்கெட். ஒரு நிமிடம் ஆகவில்லை. இதற்கா ஆறு கிழமை செயலியோடு மல்லுக்கட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

சாசாங்கில் இறங்கி முப்பது ரோல் கட்டு ஒன்று வாங்கினேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெட்ரோவில் நின்றபோது, எதிர் சீட்டில் இருந்த பாட்டி கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சிப்துரி?" என்றார். தலையாட்டினேன். புதுவீட்டு விருந்துக்கு அதுதான் பெயர் என்று பிறகுதான் தெரியும். ஆனால் அவருக்குப் பரம சந்தோஷம், பையிலிருந்து ஒரு மாண்டரின் எடுத்துத் தந்தார். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு காரியத்தைப் பிழையில்லாமல் செய்தது அன்றைக்குத்தான்.

சிநேகிதி வீடு ஒன்பதாம் மாடி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரலளவு கடல் தெரிகிறது, அதற்கே அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. குவாங்கல்லியில் சனிக்கிழமை இரவுகளில் டிரோன்களை வானத்தில் பறக்கவிட்டுப் படம் காட்டுகிறார்கள். சனம் மணலில் பாய் விரித்து, கோழி வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறது. எங்களுக்குக் கதைக்கவே நேரம் போதவில்லை, வானத்தை அரைகுறையாகத்தான் பார்த்தோம். அவளும் முதல் இரண்டு மாதம் இரவில் அழுதிருக்கிறாளாம். ஒரு தடவையும் எனக்குச் சொல்லவில்லை. அவள் போட்ட படங்களைப் பார்த்துத்தான் நான் விண்ணப்பமே போட்டேன்! அதைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு கிம்ஹே. கல்வெட்டு அண்ணா, கல் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னது, செம்மை படிந்த, மூலை மழுங்கிய கற்கள். புல் மூடிய மேடுதான் ராணியின் சமாதி, சுற்றிலும் ஆள் இல்லை. பதினாறு வயதில் கப்பலில் வந்தவள், வந்த புதிதில் யாரோடு கதைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகு சந்தைப் பக்கம் நடந்தோம். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர், கடைகளும் அவர்களுக்கானவை. ஒரு கடையில் மாசிக்கருவாடும் இலங்கையின் மஞ்சி பிஸ்கட்டும் வாசலிலேயே இருந்தன. கால் தானாக உள்ளே போனது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொல்லில் "யாபனய", யாழ்ப்பாணம், என்றேன். அவர் குருநாகல். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, ஆங்கிலத்தில் அவர் தயங்கினார். கடைசியில் இரண்டு பேரும் கொரியத்தில் கதைத்தோம். ஒரே தீவில் பிறந்த இரண்டு பேர் மாசிக்கருவாட்டுக்கு விலை பேசியது கொரியத்தில்! அதுவும் என் கொரியத்தை அவர் மூன்று இடத்தில் திருத்தினார். அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்ய வந்தவர். அந்த விசாவுக்கே கொரிய மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டுமாம். என்னுடைய ஈ-2 ஆசிரியர் விசாவுக்கு யாரும் என்னிடம் ஒரு கொரிய எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். "நீங்கள் டீச்சர்தானே" என்று சிரித்துவிட்டு, பிஸ்கட் ஒன்றைச் சும்மா பைக்குள் போட்டார்.

திங்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேரே வகுப்பு. எல்லாத் திங்களும் போல "வார இறுதியில் என்ன செய்தீர்கள்" கேள்வி. கிம்ஹே என்று நான் சொன்னதும் ஒரு பொடியன் எழும்பி, "டீச்சர், ஐ ஆம் கிம்ஹே கிம்!" என்றான். பின்னால் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. கிம்ஹே கிம் என்பது அவர்கள் குலப்பெயர், அந்த மன்னன் வழி வந்தவர்களாம். உங்கள் பாட்டி ராணி, என் ஊர்ப் பக்கமிருந்துதான் கப்பலேறினாள் என்று ஒரு கதை இருக்கிறது என்றேன். (அண்ணா, கதை என்றுதான் சொன்னேன்.) பொடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ டீச்சர் ஹல்மோனியா?" என்று கேட்டான். இரண்டு நாளாக வகுப்பு முழுக்க என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறது.

---

சுவோன் அக்கா எழுதியது:

அதெல்லாம் இருக்கட்டும் பாட்டியம்மா. அந்தக் கடையில் கறிவேப்பிலை இருந்ததா?

---

ஜின்ஜூ டீச்சர் எழுதியது:

காய்ந்தது இருந்தது அக்கா, சின்னப் பொதி 3,000 வொன். நான் இரண்டு வாங்கினேன். உங்கள் முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள், ஒன்றை அனுப்பிவிடுகிறேன். தபால் நிலையத்தில் நம்பர் கேட்பார்களா?