ஆறாயிரம் டாலர் தடத்திடம் நான் தோற்ற கதை

(ஒரே பலகை ஆட்டத்தை ஆடும் பெங்களூர்க்காரர்கள் மூவரின் உரையாடல்)

அல்சூர் உறுப்பினர்:

எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நால்வர் ‘ரயில் பேரன்’ (Rail Baron, அதாவது ரயில் அதிபர்) விளையாடுகிறோம். அவலான் ஹில் நிறுவனம் 1977-இல் வெளியிட்ட அமெரிக்கப் பலகை ஆட்டம் அது. பழைய பெட்டி ஒன்றை என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். பெயரைக் கேட்ட என் மாமியார், “யார் வீட்டுப் பேரன்?” என்று விசாரித்தது இன்றும் எங்களிடையே வேடிக்கைப் பேச்சு.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்க வரைபடத்தின் மேல் 28 ரயில் கம்பெனிகளின் தடங்கள் ஓடுகின்றன. பகடை சொல்லும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் தூரத்திற்கேற்பப் பணம் கிடைக்கும். சேர்ந்த இடத்தில் ஒரே ஒரு கம்பெனியை வாங்கலாம். சொந்தத் தடத்திலோ யாரும் வாங்காத தடத்திலோ ஓடினால் ஒரு முறைக்கு 1,000 டாலர், பிறருடைய தடத்தில் ஓடினால் அவருக்கு 5,000 டாலர் கட்ட வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் விற்றுத் தீர்ந்தபின் அந்த ஐயாயிரம் பத்தாயிரமாகிவிடும். இரண்டு லட்சம் டாலருடன் சொந்த ஊர் திரும்புபவர் வெல்கிறார்.

சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போக சாண்டா ஃபே கம்பெனியை 40,000 டாலருக்கு வாங்கலாம். நான் வேறு கணக்குப் போட்டேன். டென்வர் வரை பர்லிங்டன் 20,000, அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ரியோ கிராண்டே 6,000, அதற்கப்பால் வெஸ்டர்ன் பசிபிக் 8,000, ஆக 34,000 டாலரில் அதே பயணம் முடிந்துவிடும். கலிபோர்னியா செஃபிர் என்ற ரயிலை 1949 முதல் 1970 வரை இந்த மூன்று கம்பெனிகளும் சேர்ந்துதான் இதே வழியில் ஓட்டின என்பதால், ரயில் பித்தனான எனக்கு அந்த யோசனை கூடுதலாக இனித்தது.

பர்லிங்டனையும் வெஸ்டர்ன் பசிபிக்கையும் வாங்கிவிட்டு, ஆறாயிரம்தானே, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரியோ கிராண்டேயைத் தள்ளிப்போட்டதுதான் என் தவறு. கையில் ஏழாயிரம் மட்டுமே வைத்திருந்த மைத்துனர் மகன், “வேறெதுவும் கட்டுப்படியாகவில்லை மாமா” என்று சொல்லி அதை வாங்கி, சீட்டை மிக்சர் கிண்ணத்தின் அடியில் செருகி வைத்தான். சுற்றிப் போகலாம் என்றால் யூனியன் பசிபிக் அவன் அப்பாவிடம் இருந்தது. அன்று அந்த நடுத்துண்டில் ஓடியதற்காக ஏழு முறை கிண்ணத்தை நோக்கி ஐயாயிரத்தை நகர்த்தினேன். மொத்தம் 35,000, மூன்று கம்பெனிகளையும் சேர்த்து வாங்கும் விலையைவிட ஆயிரம் அதிகம்.

ஜாலஹள்ளி உறுப்பினர்:

நான் இதற்கு நேர் எதிரான வழியில் கெட்டேன். சதர்ன் பசிபிக் 42,000 டாலர். ஆட்டத்திலேயே விலை உயர்ந்த கம்பெனி. நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸ் வழியாக ஓரிகனின் போர்ட்லாண்டு வரை நீளும் அந்தத் தடத்தின் மேல் ஆசைப்பட்டு, தொடக்கத்தில் தரும் 20,000 டாலரைச் செலவழிக்காமல், போய்ச் சேர்ந்த ஊர்களிலெல்லாம் எதையும் வாங்காமல் சேமித்தேன். அதை வாங்கி முடிப்பதற்குள் கிழக்குப் பகுதி முழுவதையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதன்பின் பகடை என்னை நியூயார்க், பாஸ்டன், பிட்ஸ்பர்க் என்று கிழக்கிலேயே சுற்றவிட்டது. கட்டணம் கட்ட வழியில்லாமல் கடைசியில் அதை வங்கிக்கே பாதி விலையான 21,000 டாலருக்குத் திருப்பிக் கொடுத்தேன். சதர்ன் பசிபிக் மோசமான கம்பெனி என்று சொல்ல மாட்டேன். முதல் கம்பெனியாக அதை வாங்கக் கூடாது, அவ்வளவே.

இந்திராநகர் உறுப்பினர்:

மலிவானவை எல்லாம் நல்லவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலாயிரம் டாலருக்கு பாஸ்டன் அண்டு மெய்ன் வாங்கி, அதன் மேல் ஒரு முறைகூட ஓடாமல் ஆட்டத்தை முடித்தவள் நான். ஆனால் அதே நாலாயிரம் விலையுள்ள நியூ ஹேவன், என்னிடமிருந்த 30,000 டாலர் பென்சில்வேனியாவை நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு நீட்டித்தது. வாஷிங்டனையும் ரிச்மண்டையும் இணைக்கும் இன்னொரு சிறிய தடமும் நாலாயிரம்தான். சென்னை ரயிலில் ஏறும் பெங்களூர்க்காரர் ஜோலார்பேட்டையைத் தாண்டியே ஆக வேண்டும் அல்லவா? வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே அந்தத் துண்டு ஏறக்குறைய அப்படித்தான். மாற்று வழி உண்டு, ஆனால் அது யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அல்சூர் உறுப்பினர்:

உங்கள் இருவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறு முதல் வேலையாக ரியோ கிராண்டேயை வாங்கினேன். அடுத்த ஊரில் பர்லிங்டனும் என் கைக்கு வந்தது. மைத்துனர் மகன் ஒன்றும் பேசாமல் எட்டாயிரத்தை எண்ணி வைத்து வெஸ்டர்ன் பசிபிக்கை எடுத்துக்கொண்டான். இம்முறை கிண்ணத்தில் முறுக்கு இருந்தது.