இரட்டைக் கத்தி மெஷினில் புல் அறுத்த அனுபவம்

புதுச்சேரி பாகூர்ப் பக்கம் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். அரை ஏக்கரில் கோ எஃப்எஸ் 29 ரகத் தீவனச்சோளம், ஊடே தட்டைப்பயறு, ஒரு மூலையில் கோ 4 ரகக் கம்பு நேப்பியர் புல். இரட்டைக் கத்தி மெஷின் எதற்கு, தோளில் மாட்டி அறுக்கும் பிரஷ்கட்டரே போதாதா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மூன்று வருடம் அதில்தான் அறுத்தேன்.

பிரஷ்கட்டர் தண்டை அறுக்காது, அடித்துக் கிழிக்கும். வெட்டின கட்டை தேங்காய் நார் மாதிரி பிரிந்து நிற்கும். இரண்டு நாளில் நுனி காய்ந்து பழுத்துவிடும். புல்லும் நாலு பக்கம் சிதறி மண்ணோடு சேரும். மாடு மூச்சை விட்டு ஊதிப் பார்த்துவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே ஒதுக்கும். அதைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் ஒற்றைக் கத்தி மெஷினை வாடகைக்கு எடுத்தேன். அதில் கீழே பற்கள் அசையாமல் நிற்கும், மேலே ஒரு கத்தி மட்டும் ஓடும். காலை ஈரத்தில் பயற்றங்கொடி பற்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். நிறுத்து, குச்சியால் நோண்டு, மறுபடி ஓட்டு. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடித்தால் டம்ளர் கையில் ஆடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்ததே, அப்போது என் சோளம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்து மண் இறுகியதும், குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் மச்சான் தன் இரட்டைக் கத்தி மெஷினை வண்டியில் ஏற்றி வந்தார். "சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா வாங்க மாமா, அடியில கத்தி நல்லா பூரும்" என்றார். அப்படியே ஓட்டினேன். ஒரு இடத்திலும் அடைக்கவில்லை.

காரணம் இதுதான்: மேலும் கீழும் இரண்டு கத்திகள் எதிரெதிராக ஓடுகின்றன, கத்தரிக்கோல் மாதிரி. கொடி மாட்டிக்கொள்ள அங்கே பல்லே கிடையாது. ஒன்றின் ஆட்டத்தை மற்றது சமன் செய்வதால் கைப்பிடியில் அதிர்வும் குறைவு. அறுத்த கட்டையைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன், சீவின மாதிரி வழவழப்பாக இருந்தது. புல்லும் விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. அள்ளிக் கட்டுக் கட்டுவதுதான் வேலை. அந்தக் கட்டையிலிருந்து மறுதாம்பு ஒரே சீராகத் துளிர்த்துக் கிளம்பியது. அடுத்த தை மாதமே சொந்தமாக வாங்கிவிட்டேன்.

சிரமமும் உண்டு. தீட்ட வேண்டியது இரண்டு கத்தி. கல் பட்டால் கத்தியின் பட்டை உடையும், அதனால் முதல் நாளே வயலை நடந்து கல்லும் கம்பியும் பொறுக்கிவிடுங்கள். இரண்டு கத்திக்கும் நடுவே இடைவெளி விட்டால் புல் அறுபடாமல் மடங்கி நுழையும். திருகாணிகளை அடிக்கடி பாருங்கள்.

முற்றின கோ 4 தூரை மட்டும் இதில் விட நான் துணியவில்லை. அந்த மூலைக்கு இன்னமும் அரிவாள்தான்.