புதுப்பிப்பு: ஏவிஎன் இடுப்புக்கு ஸ்டெம் செல், யாருக்குப் பலன்?

ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் பந்து சாகும் ஏவிஎன்-க்கு, அந்தப் பந்துக்குள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை பற்றி முன்பு எழுதியிருந்தேன். கூடவே நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் (புதுத் திசுவாக வளரக்கூடிய செல்) செலுத்தினால் மாற்று மூட்டு தவிர்க்கப்படுமா என்று பலர் கேட்டார்கள். அது பந்து உடைந்து உள்வாங்கிச் சரிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. பிரான்சின் எலும்பு அறுவை மருத்துவர் எர்னிகு 2002-இல் வெளியிட்ட கணக்கில், சரியும் முன் செய்த 145 இடுப்புகளில் 9-க்குத்தான் மாற்று மூட்டு தேவைப்பட்டது. சரிந்தபின் செய்த 44-இல் 25-க்கு. எக்ஸ்ரேயில் பிறைக்கோடு (பந்து சரியத் தொடங்கியதைக் காட்டும் பிறை வடிவக் கோடு) வந்தபின் செய்தால் பெரும்பாலும் பணம்தான் கரையும்.

மஜ்ஜை எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே இடத்தில் நிறைய உறிஞ்சினால் ரத்தம் கலந்து செல்கள் நீர்த்துவிடும். ஹெப்பரினில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அலசிய 10 மில்லி சிரிஞ்சில் இடத்துக்கு 2–4 மில்லி போதும். பிறகு ஊசியை நகர்த்த வேண்டும். எடுத்த மஜ்ஜையைச் செறிவாக்கி, சி-ஆர்ம் (அறுவையின்போதே காட்டும் எக்ஸ்ரே கருவி) பார்த்து இறந்த பகுதிக்குள் செலுத்துவார்கள். பின் சில வாரம் ஊன்றுகோல் கட்டாயம், துளையிட்ட இடம் முறியலாம்.