ஹோர்ட்டன் பிளேன்ஸ் சுற்றுப்பாதை: பேக்கர் அருவியும் உலக முடிவும் ஒரே நாளில் வடிவாகப் பார்க்க ஏலுமா?

வடகரை:
வணக்கம். டிசம்பர் கடைசிக் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வருகிறோம். அம்மாவுக்கு 62 வயது, மகனுக்கு 8. ஹோர்ட்டன் பிளேன்ஸ் சமவெளியில் நடந்து சுற்றும் அந்த 9.5 கிலோமீற்றர் வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது? பேக்கர் அருவியில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்றும் தெரியாது என்கிறார்கள், உண்மையா? அம்மாவால் நடக்க ஏலுமா?

தேயிலைச்சாரல்:
பாதி உண்மை. ஜனவரி தொடக்கம் மார்ச் வரை விடியற்காலை வானம் தெளிவு, ஆனால் அருவி மெலிந்துவிடும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபரிலிருந்து அடுத்த மழை. அப்போது அருவி அமர்க்களமாக இருக்கும், உலக முடிவுதான் நிச்சயமில்லை. நீங்கள் வருவது மழை ஓயத் தொடங்கும் நேரம். நுவரெலியாவில் இரண்டு, மூன்று இரவு தங்குங்கள், ஏறும் நாளை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த அடுத்த விடியல்தான் உங்களுக்கான நாள். மேலே உள்ள புல்வெளியும் சதுப்பும் மழைநீரை ஊறவைத்து மெல்ல மெல்ல விடுவதால், வானம் வெளித்த பிறகும் அருவியில் தண்ணீர் குறையாது.

சுற்றும் பக்கம்: நடைபாதை தொடங்கும் ஃபார் இன் கட்டடத்தில் தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போங்கள். முதலில் சின்ன உலக முடிவு, ஏறக்குறைய 4 கிலோமீற்றரில் பெரியது, அங்கிருந்து 2 கிலோமீற்றரில் அருவி, கடைசி 3.5 கிலோமீற்றர் திரும்பும் வழி. காரணம் இதுதான்: வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டுச் சூடான காற்று 800 மீற்றருக்கு மேற்பட்ட அந்தச் செங்குத்துப் பாறையில் மோதி மேலே வரும், குளிர்ந்து முகிலாகும். 9, 10 மணிக்குப் பிறகு அங்கே வெள்ளைச் சுவர்தான். அருவி 20 மீற்றர் உயரம், கிட்ட நின்று பார்ப்பது. புகார் (மூடுபனி) வந்தாலும் அதை மறைக்காது. ஆகவே அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

6 மணிக்கு டிக்கட் வாயிலில் நிற்க வேண்டும் என்றால் நுவரெலியாவிலிருந்து வான் நாலரைக்காவது புறப்பட வேண்டும். விடுமுறைக் காலத்து வரிசை உங்கள் தெளிவான நேரத்தைத் தின்றுவிடும்.

கல்லுப்பாதை:
அம்மா ஊரில் தினமும் நடப்பவர் என்றால் முழு வட்டமும் போகலாம், நான்கரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சமவெளி 2100 மீற்றருக்கு மேலே, முதல் அரை மணி மூச்சு வாங்கும். அப்போது வேகம் வேண்டாம்.

கஷ்டமான இடம் ஒன்றுதான், அருவிக்கு இறங்கும் சரிவு. வேர், ஈரக்கல், சேறு எல்லாம் சேர்ந்து கிடக்கும். வேரின்மேல் கால் வைக்கக் கூடாது. ஈரவேர் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில், பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்கச் சொல்லுங்கள். ஒரு கைத்தடி பெரிய உதவி. முழங்கால் வலி உள்ளவர் என்றால் மேலேயே இருக்கட்டும். ஏறிவந்த உடனே கிளம்பாமல் பத்து நிமிடம் ஆறுங்கள், கால் களைத்த பின்தான் ஆட்கள் கூடுதலாக விழுகிறார்கள்.

சப்பாத்தின் அடியில் ஆழமான வெட்டு இருக்க வேண்டும். ஆழம் குறைந்த வெட்டுக்குள் செம்மண் அப்பிவிட்டால் தட்டையான அடிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். விளிம்பில் காற்று பலம், கையும் வெறுமையாக இருக்க வேண்டும்.

உலக முடிவில் மகனின் கையை விடவே வேண்டாம். விளிம்புவரை புல் இருப்பதால் தரை முடிவது தெரியாது, அதுவும் புகார் மூடினால்.

ஒஹியக்காரன்:
பையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பாதை தொடங்கும் இடத்தில் பொலித்தீன் சோதனை உண்டு. லஞ்ச் சீட்டில் சுற்றிய சோறு, பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலின் லேபல் எல்லாம் கழற்றப்படும். காகிதப் பையில் மாற்றித் தந்தால் மழையில் கூழாகும். வீட்டிலேயே ரொட்டியையும் சம்பலையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் போதும், வழியில் கடை இல்லை. காதை மூடும் தொப்பியும் வெயில் கிரீமும் இரண்டும் தேவை. குளிர் என்று ஏமாந்தால் கழுத்து எரியும்.

அருவியில் குளிக்கத் தடை, தயவுசெய்து மதியுங்கள். பெலிகுல் ஓயாவின் தலைப்பகுதி அது. கீழே சமனலவெவ நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும் தண்ணீர். தரிப்பிடத்தில் மரைகள் கிட்ட வரும், எதுவும் கொடுக்காதீர்கள்.

வடகரை:
நன்றி. பிந்திப் போய் 9 மணியாகிவிட்டால்? ரயிலில் வந்து ஒஹிய ஸ்டேஷனில் இறங்கி வருவதும் நல்லதா?

தேயிலைச்சாரல்:
9 ஆகிவிட்டால் வலப்பக்கம் திரும்பி நேரே அருவிக்குப் போங்கள். உலக முடிவில் புகார் சில வேளை விலகும், அதைக் கடைசியில் முயன்று பார்க்கலாம். அம்மா களைத்தால் அருவியிலிருந்து வந்த வழியே திரும்புங்கள், மொத்தம் 7 கிலோமீற்றர். ஒஹிய ஸ்டேஷனிலிருந்து மேலே 11 கிலோமீற்றர் ஏற்றம், நடந்தால் வட்டத்துக்குக் கால் மிஞ்சாது. இறங்கும் இடத்தில் ஓட்டோவோ வானோ முதல் நாளே பேசி வைத்திருந்தால் மட்டும் அந்தப் பக்கமாக வாருங்கள்.