21 நாளா, 66 நாளா?

கணக்கன்:
"படுக்கும் முன் அன்று நடந்த மூன்று நல்லவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், 21 நாளில் அது பழக்கமாகிவிடும், மகிழ்ச்சியும் தானே வரும்" என்று மாடித்தோட்டம் அம்மா நேற்று எழுதியதைப் படித்தபோது எரிச்சலே மிஞ்சியது. அறுவை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு, எல்லாப் பழக்கத்துக்கும் அதையே அளவாக்கிவிட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரை வைத்து நடத்தி, 2010இல் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு பழக்கம் தானாகப் படிய ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள்.

மாடித்தோட்டம்:
ஐயா, என் கணவர் தவறிய பிறகு எழுதத் தொடங்கியவள் நான். மூன்று வாரம் முடிவதற்குள் யாரும் நினைவூட்டாமலே என் கை பேனாவைத் தேடியது. அதை லண்டனில் சரிபார்த்து வர வேண்டுமா? எம்மன்ஸ், மெக்கல்லஃப் என்ற உளவியலாளர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயாளிகள் நன்றிக் குறிப்பு எழுதியதும் 21 நாள்தான்.

கணக்கன்:
அது ஆய்வு நடந்த காலம், பழக்கம் படிந்த காலமன்று. இரண்டையும் குழப்புவது உங்களுக்குப் புதிதல்ல. நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்பதுபற்றிய விவாதத்திலும், அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது என்று நான் காட்டிய பிறகும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

வைகைக்கரை:
பழைய பகையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் லண்டன் ஆய்வு நடந்ததே 84 நாள். அதில் ஒருவருக்கு 254 நாள் ஆகும் என்று எப்படிச் சொன்னார்கள்?

கணக்கன்:
பழக்கம் படியும் வேகத்தை வளைகோடாக வரைந்து, அதை நீட்டிக் கணித்தார்கள். வளைகோடு நன்கு பொருந்திய 39 பேரிடம் 18 முதல் 254 வரை விரிந்தது. நடுவில் நிற்பது 66. ஆய்வைப் படித்தவன் நான், தலைப்பை மட்டும் படித்தவன் அல்லன்.

சித்தர்வழி:
நம் முன்னோர் மருந்துக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் வகுத்தார்கள். குடமுழுக்குக்குப் பின் மண்டல பூசையும் 48 நாள். இதை விட்டுவிட்டு லண்டனுக்கு ஏன் போக வேண்டும்?

வைகைக்கரை:
சபரிமலைக்கு மாலை போடுபவர்களின் மண்டலம் 41 நாள் அண்ணா. முதலில் உங்கள் மண்டலம் எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்.

சித்தர்வழி:
அது விரதம், நான் சொல்வது மருந்து. வித்தியாசம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

நிலாமுற்றம்:
லண்டன் ஆய்வில் பங்கேற்றவர்கள் மதிய உணவோடு பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போன்றவற்றையே தேர்ந்தெடுத்தார்கள். செயல் எவ்வளவு தானாக நடக்கிறது என்றுதான் அங்கே அளந்தார்கள், மகிழ்ச்சியை அன்று. இங்கே மகிழ்ச்சியென்று எதைச் சொல்கிறோம் என்பதை யாராவது விளக்குவீர்களா?

கணக்கன்:
அதைப் பிறகு பார்க்கலாம். 48க்கும் சான்று இல்லை, 41க்கும் இல்லை. 22ஆம் நாள் மனம் மலரவில்லையே என்று குறிப்பேட்டைத் தூக்கிப் போடுபவர்களை நினைத்துத்தான் இத்தனை முறை எழுதுகிறேன். ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. அந்த ஆறுதலையாவது மக்களுக்குச் சொல்லியிருக்கலாமே! 66 நாள். உங்கள் பதிவைத் திருத்துங்கள் அம்மா.

மாடித்தோட்டம்:
திருத்த மாட்டேன். எனக்கு 21 நாளுக்குள் வந்தது.